கிளம்பிக்கொண்டே இருப்பவர்

அவரைத் தெருவில் பார்ப்பவர்கள் யாரும் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லை, 'இன்னும் கிளம்பலையா?' என்றுதான் கேட்கிறார்கள். வேதியியலில் முனைவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் போஸ்ட்டாக் வேலை கிடைத்து, டிஎஸ்-2019 படிவமும் கைக்கு வந்துவிட்டது. ஜே-1 விசா ஒன்றுதான் பாக்கி. அதற்காகக் காத்திருப்பதே இப்போது அவருக்கு முழுநேர உத்தியோகம்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வழியனுப்பு விருந்து முடிந்துவிட்டது. சித்தப்பா மோதிரம் போட்டுவிட்டார். குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைத்தாயிற்று. இதற்கு மேலும் ஊரில் நடமாடினால் மோதிரத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயம். பால் வாங்கக்கூடப் பின்தெரு வழியாகத்தான் போகிறார். தலா 23 கிலோவுக்குக் கட்டிய பெட்டி இரண்டும் கூடத்தில் நிற்கின்றன; தினமும் காலையில் அவற்றைத் திறந்துதான் பனியன் எடுத்துக்கொள்கிறார். நாரத்தங்காய் ஊறுகாய் ஒவ்வொரு கரண்டியாகத் தயிர்சாதத்துக்குப் போனதில் ஒரு பெட்டி இளைத்துவிட்டது.

சோதனை டிஎஸ்-160 படிவத்திலேயே ஆரம்பமாகிவிடும். எடுத்த எடுப்பில் குடும்பப்பெயர் கேட்கும். இவரிடம் இருப்பதோ ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தால், பேராசிரியரின் ஒவ்வொரு மின்னஞ்சலும் 'டியர் டாக்டர்' என்று அப்பாவைத்தான் விளிக்கும். (பத்தாவது தாண்டாத அப்பாவுக்கு அதில் பரம திருப்தி.) வெறும் ஒற்றைப் பெயர்க்காரர் என்றால், அந்தப் பெயர் குடும்பப்பெயர் கட்டத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். காலியான இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது) என்று மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனப்படுகொலை செய்ததுண்டா என்றும் படிவம் விசாரிக்கிறது. இல்லை என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம். துப்பாக்கி, வெடிபொருள், அணு, உயிரியல், வேதியியல் இவற்றில் தனித்திறமையோ பயிற்சியோ உண்டா என்று கேட்கும் இடத்தில்தான் விரல் நின்றுவிடும். உண்டு என்றால் வில்லங்கம். இல்லை என்றால், இத்தனை வருஷம் ஃபெல்லோஷிப் வாங்கி என்ன செய்தாய் என்று மனச்சாட்சி பிடித்துக்கொள்ளும். கைடிடம் யோசனை கேட்டார். "இல்லைன்னே போடுப்பா. உன் தீசிஸைப் படிச்சவன் சொல்றேன்" என்றார் அவர்.

பிறகு சென்னை, ஜெமினி மேம்பாலத்துப் பக்கம், தூதரக வரிசை. செல்போனும் பையும் கூடாது. கையில் ஃபைல் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். அரை நிமிஷப் பதில் ஒன்றை இவர் கண்ணாடி முன்னால் நின்று உருப்போட்டிருந்தார். அதில் ஒரே ஒரு சொல் உதைத்தது: 'நியூக்ளியர் மேக்னடிக் ரெசனன்ஸ்.' பாவம், மூலக்கூறுகளைக் காந்தத்துக்குள் வைத்துப் பார்க்கிற சாது வேலை அது. ஆஸ்பத்திரிக்காரர்கள் புத்திசாலிகள், நோயாளி மிரளுவான் என்று அந்த 'நியூக்ளிய'ரை என்றைக்கோ கழற்றிவிட்டு எம்ஆர்ஐ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு வந்தது. 221(ஜி). ஆராய்ச்சிச் சுருக்கம், கட்டுரைப் பட்டியல், பயண விவரம் எல்லாம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து எழுந்தவுடன் முகம் கழுவுவதற்கு முன்னால் இணையதளத்தில் நிலவரம் பார்க்கிறார். 'மறுக்கப்பட்டது' என்று இருக்கிறது. பரிசீலனையில் கிடக்கிற விண்ணப்பத்துக்கும் அந்தத் தளம் அப்படித்தான் காட்டும். இதை மாமனாருக்கு விளக்க முயன்றதுதான் தப்பு. "மறுத்துட்டான்னு எழுதியிருக்கான், ஆனா மறுக்கலைங்கிறீங்க. சரி மாப்பிள்ளை" என்று போனை வைத்துவிட்டார். அமெரிக்கப் பேராசிரியரோ தங்கமான மனிதர், சேரும் தேதியைத் தள்ளி வைத்துக்கொண்டே போகிறார்.

இதற்கிடையில் ஆள் நிபுணராகிவிட்டார். எந்த கவுன்ட்டர் ராசியானது, எந்த நேரத்தில் ஸ்லாட் திறக்கும், மூக்குக் கண்ணாடியோடு போட்டோ ஏன் ஆகாது என்பதெல்லாம் அத்துபடி. கல்லூரி ஜூனியர்கள் தேடி வருகிறார்கள். கல்வெட்டு ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி அவர் சொன்னபடியே படிவத்தை நிரப்பிக்கொண்டு போனாள். வெடிக்கவோ பரவவோ எதுவுமில்லாத படிப்பு. அன்றைக்கே விசா உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் சிகாகோவிலிருந்து பேசினாள். "அண்ணா, சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கு இன்னிக்கே போயிடட்டுமா?"

"அவசரப்படாதே. வந்து பத்து நாள் ஆகட்டும், அப்பதான் சிஸ்டத்துல ஏறியிருப்பே. பாஸ்போர்ட், டிஎஸ்-2019, ஐ-94 மூணும் கையில வச்சுக்கோ. அப்புறம் ஜாக்கெட்டை இப்ப வாங்காதே, நவம்பர் கடைசியில தள்ளுபடி போடுவான்" என்றார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்தெருவுக்குள் திரும்பியபடி.