மீனுக்குப் பெயர் வைத்த டாக்டர்கள்

மீன்களின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நோயாளிகளை யார்தான் பார்த்துக்கொண்டார்கள்?

நம்ம பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தியோடர் கேன்டர் என்ற டென்மார்க் டாக்டருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. மனிதர் இங்கே இருந்து சேகரித்ததை வைத்து 1849-இல் என்ன வெளியிட்டார்? மலாயாக் காய்ச்சலுக்கு மருந்தா? மலாயா மீன்களின் பட்டியல்! கடல் தாண்டினால் பத்தாவியாவில் பீட்டர் பிளீக்கர், டச்சு ராணுவ டாக்டர். அவரும் மீன். மெட்ராஸில் ஃபிரான்சிஸ் டே, அவரும் டாக்டர், அவரும் மீன். வாசலில் இருமிக்கொண்டு ஆள் நிற்க, உள்ளே இவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த டாக்டர் ஜமா உலக அளவில் செய்த உச்சகட்டக் குளறுபடி ஒன்று உண்டு: ரெயின்போ ட்ரௌட், ஸ்டீல்ஹெட் விவகாரம். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சிரமமாகத்தான் இருந்திருக்கும். இரண்டும் ஒரே மீன்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தன் பிறந்த ஆற்றோடு இருந்துவிடுகிறான். உடம்பில் கறுப்புப் புள்ளி, விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை, அளவான தேகம். அவன் ரெயின்போ. இன்னொருத்தன் கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருஷம் தின்று கொழுத்து, உடம்பெல்லாம் வெள்ளி மினுங்க, நீலம் பாரித்த தலையோடு பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறான். அவன் ஸ்டீல்ஹெட். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் நாலு காசு பார்த்துவிட்டு, சென்ட் மணக்க ஊர் திரும்பினாரே சபுராளி, அவர் மாதிரி. அதற்காக அவரைத் தனி உயிரினம் என்றா சொன்னோம்? (அவரைக் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பார். அது வேறு கதை.) ஆற்றில் சில மாதம் கிடந்தால் ஸ்டீல்ஹெட்டின் வெள்ளியும் மங்கி, பழைய இளஞ்சிவப்புப் பட்டை எட்டிப் பார்க்கும். சென்ட் பாட்டில் எத்தனை நாளைக்கு வரும்?

சரி, பெயர் சூட்டு விழாவுக்கு வருவோம். முதல் பெயர் வைத்தவர் யோஹான் வால்பாம், ஜெர்மனியில் லூபெக் நகரத்து டாக்டர். வருஷம் 1792. மீன் இருந்தது ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சட்காவில். டாக்டர் இருந்தது லூபெக்கில். ஐயா அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை! போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்தே ‘மைக்கிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் கம்பீரமாக நிற்கிறாரே நம்ம ஃபிரான்சிஸ் லைட், அந்தச் சிலைக்கு முகம் எங்கிருந்து வந்தது? அவர் படம் ஒன்றுகூட அகப்படாததால், மகன் வில்லியமின் முகச்சாயலில் செய்து வைத்தார்கள். பினாங்கின் பக்கத்தில் வால்பாம் எவ்வளவோ மேல். அவர் மீனை மீன் என்றாவது சரியாகச் சொன்னார்.

அடுத்த டாக்டர் சர் ஜான் ரிச்சர்ட்சன், பிரிட்டிஷ் கடற்படை சர்ஜன். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலிருந்து வந்த பெரிய வெள்ளி மீன் ஒன்றுக்கு 1836-இல் ‘கெயர்ட்னெரி’ என்று பெயர் வைத்தார். மீனை அனுப்பி உதவிய மெரடித் கெயர்ட்னருக்கு நன்றிக்கடன். இவரும் டாக்டரா என்று கேட்காதீர்கள். டாக்டர்தான். ஹட்சன்ஸ் பே கம்பெனி டாக்டர்.

கெயர்ட்னர் அனுப்பியது மீனை மட்டுமல்ல. மண்டையோட்டை அளந்து மனிதனின் புத்தியை மட்டுக்கட்டிவிடலாம் என்று படித்தவர்களே நம்பித் திரிந்த காலம் அது. சினூக் மக்களின் பெருந்தலைவர் காம்காம்லியின் கல்லறையை 1835-இல் திருட்டுத்தனமாகத் திறந்து, தலையை வெட்டி எடுத்து, அதையும் ரிச்சர்ட்சனுக்கே அனுப்பினார். தலைவரின் தலை சொந்த மண்ணில் மறுபடி அடக்கமானது 1972-இல். கெயர்ட்னரோ காசநோய்க்குக் காற்று மாற ஹவாய்க்குப் போய், 1837-இல் முப்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு மண்டையை அளந்து பார்க்க வேண்டியது யாருடையதை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1855-இல் கலிஃபோர்னியாவில் டாக்டர் கிப்பன்ஸ். ஆமாம், இன்னொரு டாக்டர். ஓடையில் அகப்பட்ட பொடி மீன்களின் மேல் வானவில்லைக் கண்டு வானவில்லின் பெயரையே வைத்தார். ரெயின்போ பிறந்தது அப்படித்தான். அந்தப் பொடிசுகளே கடலுக்குக் கிளம்ப இருந்த ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் என்பது பின்னால் வந்த நிபுணர்களின் கருத்து.

இதற்கிடையில் நம்ம ஃபிரான்சிஸ் டே சும்மா இருப்பாரா? நீலகிரிக்குப் போன வெள்ளைக்காரர்களுக்குக் குளிர் கிடைத்தது, ரோஜா கிடைத்தது, தூண்டிலில் ட்ரௌட் மாட்டவில்லை. 1863-இல் டே இங்கிலாந்து ட்ரௌட்டை மலையேற்றப் பார்த்தார். நடக்கவில்லை. டே சுபாவத்தில் கொஞ்சம் முறுக்குப் பேர்வழி. லண்டன் அருங்காட்சியகத்து மீன் நிபுணர் குந்தரோடு ஆகாமல், தன் இந்திய மீன்களில் ஒரு பகுதியை 1883-இல் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றார். குந்தரும் டாக்டருக்குப் படித்தவர்தான் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். கடைசியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் வந்தார், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டினார், ரெயின்போ ட்ரௌட்டை நீலகிரியில் நிலைக்க வைத்தார். வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டால் வேலை நடக்கும் என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு நாற்பது வருஷம்.

1989-இல் அமெரிக்க மீன் அறிஞர்கள் கூடி, எல்லாம் ஒன்றுதான், முதலில் வைத்த பெயரே செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மீனைப் பார்க்காத வால்பாம் ஜெயித்தார். மீனை அனுப்பிய கெயர்ட்னர், உள்ளினம் ஒன்றுக்கு மூன்றாவது பெயராக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

வியாபாரிகள் விஷயம் தனி. 2018-இல் சீனாவின் மீன் வர்த்தகச் சங்கம், ரெயின்போ ட்ரௌட்டை சால்மன் என்றே விற்கலாம் என்று அறிவித்தது. டாக்டர்களுக்கு இருநூறு வருஷம் பிடித்த தலைவலிக்கு ஒரே சுற்றறிக்கை.

இப்போது பிரித்துப் பார்க்க முடியாதா என்றால், முடியும். மீனின் காதுக்குள் ஒரு சின்னக் கல் உண்டு. அதில் வளையம் வளையமாகப் படிந்திருக்கும் ஸ்ட்ரான்ஷியத்தை அளந்தால் கடலுக்குப் போன கதை தெரியும். கல்லின் நடுப்புள்ளியைப் பார்த்தால் அதன் அம்மா போனாளா என்பதும் தெரியும். பாஸ்போர்ட்டை மிஞ்சிய ரெக்கார்டு. பார்ப்பதற்கு மீன் செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் இன்னும் இரண்டாகத்தான் பார்க்கிறது. அமெரிக்க அரசாங்கத்தில் கடல் போகும் மீனைக் கவனிக்க ஒரு ஆபீஸ், ஆற்றோடு இருக்கும் மீனைக் கவனிக்க இன்னொரு ஆபீஸ். 2006-இல் கலிஃபோர்னியாவின் பல ஆறுகளில் ஸ்டீல்ஹெட்டுக்கு மட்டும்தான் சட்டப் பாதுகாப்பு என்று முடிவானது. அதே ஆற்றில் நீந்தும் ரெயின்போ அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே முட்டைக் கூட்டத்தில் பொரித்து, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத குஞ்சு ஒன்று அகப்பட்டால், அது எந்த ஆபீஸ் கேஸ்?