விதை மாற்றி

புள்ளியியல் படித்தவர்களுக்குள் விதை மாற்றி என்றொரு இனம் உண்டு. ஆர் மென்பொருளில் என்நெட் என்ற நரம்பு வலைத் தொகுப்பைத் திறந்து, பாஸ்டன் வீட்டுவிலைத் தரவை அதற்குள் தள்ளுவார். 506 வரிசைக்கும் கணிப்பு 1, 1, 1 என்று வந்து நிற்கும். விடை ஏன் இப்படி என்று இவர் கேட்கமாட்டார். எழுமாற்றுக்கான விதை எண்ணைத்தான் சந்தேகிப்பார். 123 ராசியில்லை என்று 42 போடுவார், பிறகு பிறந்த தேதி. அதுவும் பலிக்காவிட்டால் மறைநியூரான்களை 10-இலிருந்து 70-ஆக ஏற்றுவார். 13 உள்ளீட்டுக்கு 70 நியூரான் என்றால் எடைகள் 1051. தொகுப்பு தானாக அனுமதிப்பது 1000தான், ஆகவே முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிடும். கூச்சமுள்ளவர் அந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார். இவரோ வரம்பைப் பத்தாயிரமாக்கிக்கொண்டு உள்ளே நுழைவார். 506 வரிசைக்கு 1051 எடை! பந்தியில் சாப்பிடுகிறவர்களைவிடப் பரிமாறுகிறவர்கள் இரு மடங்கு.

இவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வலையின் வகைக்கெழுவைக் கேட்டால் தாளில் போட்டுக் காட்டுவார். வந்த விடையைப் பார்க்கிற பழக்கம்தான் கிடையாது. அந்தத் தரவில் விலை ஆயிரம் டாலர் கணக்கில் 5 முதல் 50 வரை. என்நெட்டின் வெளியீட்டு முனையோ, வேறு சொல்லாதவரை, லாஜிஸ்டிக். 0-க்கும் 1-க்கும் இடையில்தான் பேசும். 22 என்று சொல்ல வேண்டிய வலை, கை எட்டிய மட்டும் நீட்டி 1-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. லின்அவுட் என்ற ஒற்றைச் சொடுக்கியைப் போட்டால் கூரை விலகிவிடும்.

தொடக்க எடைகள் எழுமாற்றாக வருபவை, விதையால் விடை மாறுவது உண்மைதானே என்று இவர் வாதாடலாம். உண்மைதான். ஆனால் விதைக் கோளாறு ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு வேறு விடையைத் தரும். 506 வரிசையையும் எல்லா ஓட்டத்திலும் ஒரே எண்ணில் நிறுத்தாது. இயல்பமைப்பை அப்படி வைத்த தொகுப்புக்காரர்கள்மேல் பழி போட்டால் பாதி நியாயம் இருக்கிறது. வகைப்படுத்தலுக்கும் அதே கருவி என்பதால் வைத்தார்கள். உதவிப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லியும் இருக்கிறார்கள். இவருக்கு உதவிப் பக்கம் என்பது மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த பொடியெழுத்துக் காகிதம்.

யாரோ சொல்லி லின்அவுட்டைப் போட்டுவிட்டார், நியூரானையும் நாலைந்தாகக் குறைத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளீடுகளை அளவுபடுத்தியிருக்கமாட்டார். சொத்து வரி விகிதம் 187 முதல் 711 வரை, நைட்ரஜன் ஆக்சைடு அளவோ ஒன்றைக்கூட எட்டாது. இரண்டும் ஒரே வாசலில் நுழைந்தால் மறைநியூரான்கள் திணறி உறைந்துபோகும். அப்போது வரிசைக்கு வரிசை 22.53 என்று வரக்கூடும். அது தரவின் சராசரி; கூட்டி வகுத்தாலே கிடைப்பது. இவருக்கோ தசமப் புள்ளியைக் கண்டதும் நிம்மதி. வழக்கம்போல விதையை நாலு முறை மாற்றிப் பார்ப்பார். நாலு முறையும் 22.53 வரும். அறிக்கையில் எழுதிவிடுவார்: “விதையை மாற்றியும் அசையாத, உறுதியான மாதிரி.”