சொன்ன பேச்சு கேட்காத பூ

பெட்டூனியாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாக, கிராமபோன் குழாய் மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். தென் அமெரிக்கச் சரக்கு. புகையிலைக்கு பிரேசில் பழங்குடியினர் சொன்ன ‘பெத்துன்’ என்ற பெயரைத்தான் இதற்கும் ஒட்டவைத்திருக்கிறார்கள். புகையிலை, கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் பங்காளிகள். அவர்கள் குழம்புக்கும் பீடிக்குமாக உழைத்து ஓடாய்த் தேய, இது மட்டும் பவுடர் பூசிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிற செல்லப்பிள்ளை.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கையில் வெள்ளைப் பூ ஒன்றும் ஊதாப் பூ ஒன்றும் கிடைத்தன. இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். பேரன் பேத்திகள் ரோஸ், சிவப்பு, கரை போட்டது, கோடு போட்டது என்று தினுசு தினுசாகப் பிறந்தார்கள். ஆரஞ்சு மட்டும் பிறக்கவே இல்லை.

கோளாறு சமையல்கட்டில். பூவுக்குள் சாயம் காய்ச்சுகிற இடத்தில் டி.எஃப்.ஆர். என்றொரு நொதி இருக்கிறது. ஆரஞ்சுக்கு வேண்டிய மூலச்சரக்கு பெட்டூனியாவிடம் உண்டு. ஆனால் இந்தச் சமையல்காரர் மகா ஆசாரம்; அந்தச் சரக்கைக் கையால் தொட மாட்டார். ஊதாவுக்கான சரக்கு வந்தால்தான் அடுப்பே பற்றவைப்பார்.

1987இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பீட்டர் மேயர், ஹைன்ஸ் ஸேட்லர் கோஷ்டியினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மக்காச்சோளத்திலிருந்து வேறு சமையல்காரரை அழைத்துவந்தார்கள். சோளத்து ஆளுக்கு இந்த மடியெல்லாம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் காய்ச்சுவார். அவரைக் கொண்டு சேர்த்த இடமும் சரியான இடம். அது ஒரு சோகை பிடித்த பெட்டூனியா. தொடப்படாத சரக்கு உள்ளே மூட்டை மூட்டையாகக் கிடக்க, சமைக்க ஆளில்லாமல் வெளுத்துப் போயிருந்தது. புது ஆள் வந்தார், அடுப்பு மூட்டினார், செங்கல் நிறத்தில் பூத்தது. ‘நேச்சர்’ இதழில் கட்டுரை. எல்லோருக்கும் கைகுலுக்கல்.

அத்தோடு விட்டிருக்கலாம். 1990இல் அந்த வகையில் சுமார் முப்பதாயிரம் செடிகளை வெட்டவெளியில் நட்டார்கள். ஜெர்மனியில் மரபணு மாற்றிய செடி வீட்டைவிட்டு வெளியே வந்தது அதுவே முதல் தடவை. கொடி பிடிப்பவர்கள் கொடி பிடித்தார்கள். விஞ்ஞானிகளின் திட்டம் என்னவோ சாதுவானதுதான்: செடிக்குள் இடம்விட்டு இடம் தாவுகிற குரங்கு மரபணுக்கள் உண்டு; அப்படியொன்று சோளத்து மரபணுவின் தலையில் குதித்தால் அந்தச் செடி வெளுத்துப் பூக்கும்; முப்பதாயிரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அகப்பட்டால் ஜன்மம் சாபல்யம்.

வெயில் ஏறியது. செடிகள் கும்பல் கும்பலாக வெளுக்க ஆரம்பித்தன. சீசன் தொடக்கத்தில் செங்கல்லாகப் பூத்த அதே செடி, பிற்பாடு பழைய வேட்டி நிறத்தில் பூத்தது. இத்தனை குரங்குகள் எந்தக் காட்டிலும் கிடையாது. தோண்டிப் பார்த்தால், சோளத்து மரபணு அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது. பெட்டூனியா அதன் வாசலில் மெத்தில் என்ற வேதிப் பூட்டைப் போட்டுவிட்டிருந்தது. வந்த ஆளைத் துரத்தவில்லை. அடுப்படியைச் சாத்திவிட்டது, அவ்வளவுதான். மாமியார்களுக்குத் தெரியாத வித்தை இல்லை இது.

அதே வருஷம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இன்னொரு கூத்து. ரிச்சர்ட் ஜோர்கென்சன், கரோலின் நாபோலி கோஷ்டிக்கு ஊதாவை இன்னும் ஊதாவாக்கிக் காட்ட ஆசை. சாயத்துக்கான மரபணுவில் இன்னொரு பிரதியைச் செருகினார்கள். ஒரு கரண்டி நெய்யில் மணக்கிற பொங்கல் இரண்டு கரண்டியில் இன்னும் மணக்க வேண்டாமோ? செருகிய செடிகளில் நூற்றுக்கு 42, முழு வெள்ளையாகவோ வெள்ளைத் திட்டுகளோடோ பூத்தன. நெய் ஊற்றப் போய், இருந்த நெய்யும் காணாமல் போயிற்று.

மரபணுவிடமிருந்து ஒரே சேதி அளவுக்கு மீறி வந்தால் செடிக்குச் சந்தேகம் தட்டிவிடுகிறது. பழைய கடிதம், புதுக் கடிதம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுகிறது. இதே கிழிப்பு வேலையை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு புழுவுக்குள் விளக்கமாகப் பிடித்து, 2006இல் நோபல் பரிசு வாங்கினார்கள். புழுவுக்குப் பேர் வந்தது. பெட்டூனியாவுக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு பொன்னாடைகூட வரவில்லை. இதில் வேடிக்கை, தோட்டக்காரர்கள் காலங்காலமாக விற்ற வெள்ளை நட்சத்திரக் கோட்டுப் பெட்டூனியாக்கள் இருக்கின்றனவே, அந்தக் கோடும் இதே கிழிப்பினால் வந்ததுதான் என்று பிற்பாடு தெரிந்தது. நோபல் சமாச்சாரம் ஜன்னலோரத் தொட்டியில் உட்கார்ந்திருக்க, பாட்டிமார்கள் அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சோளத்து ஆளை மறந்துவிட்டோம். நெதர்லாந்தில் ஒரு விதைக் கம்பெனி அந்தச் செங்கல் பூவைப் பிற ரகங்களோடு கலந்து கலந்து பளீர் ஆரஞ்சாக்கி, 1995இல் கட்டுரையும் போட்டது. கடைக்கு வரவில்லை. இடைவேளை. ரசிகர்கள் முறுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

2015. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி ரயில் நிலையத்துப் பக்கம் தேமு தேரி என்ற தாவர விஞ்ஞானி நடந்து போகிறார். தொட்டியில் ஆரஞ்சு பெட்டூனியா. ஊரே பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போகும். இவருக்கு மட்டும் படிக்கிற காலத்தில் கேட்ட சோளக் கதை ஞாபகம் வந்தது. பூ பறிக்கக்கூடாது என்று ஃபின்லாந்திலும் அம்மாக்கள் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். ஆனாலும் ஒரு காம்பைக் கிள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார். உள்ளே சாட்சாத் சோளத்து சமையல்காரர்.

தகவல் அரசாங்கத்தின் காதுக்குப் போனது. 2017 ஏப்ரலில் எட்டு ரகங்களை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது ஃபின்லாந்து. மே மாதம் அமெரிக்கா தன் கடைகளைத் துழாவியது. அகப்பட்டவற்றில் ‘ஆப்பிரிக்கன் சன்செட்’ என்ற ரகம், 2014இல் அங்கே தேசிய அளவில் பரிசு வாங்கிய அழகி! கல்யாணச் சத்திரத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பிடித்து, இவர் எந்த வீட்டு ஆள் என்று கேட்ட கதை. விற்றவர்கள் தங்களுக்கே தெரியாது என்றார்கள்.

எரியுங்கள், புதையுங்கள், மக்கவையுங்கள் என்று அமெரிக்க வேளாண் துறை உத்தரவு போட்டது. இதனால் மனுஷருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தா என்றால், இல்லை என்று அதே வேளாண் துறையே சொன்னது. அனுமதிச் சீட்டு இல்லை, அதுதான் குற்றம். டிக்கெட் இல்லாமல் பல வருஷம் பிரயாணம் செய்தவரைப் பரிசோதகர் பிடித்தால் இறக்கிவிடுவார்; இங்கே உரக்குழியில் இறக்கினார்கள்.

2021இல் அமெரிக்க வேளாண் துறை மறுபடி கோப்பைப் பிரித்து, இந்த ஆரஞ்சுக்குக் கட்டுப்பாடு ஒன்றும் வேண்டாம், தாராளமாக வளர்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டது. 2017இல் மக்கு உரமாகிப்போன செடிகளுக்கு இந்தச் சேதி போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.