மூணு புள்ளி

தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரத்துக்குள் நுழைந்தால் காற்று முதலில் எதிர்த்துத் தள்ளும். நாலு எட்டு தாண்டினால் அதே காற்று முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும். அந்தக் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எப்போதாவது கவிதைப் புத்தகம்.

ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரலில் பேப்பர் நமத்து, முந்தின நாள் அடித்த போஸ்டர் இன்னும் காயவில்லை. அச்சக அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கவிஞர் நனைந்த குடையோடு வருகிறார். வயது இருபத்தாறு. குரலுக்கு வயது எழுபது.

கவிஞர்: என் தொகுப்பின் மெய்ப்பு முடிந்துவிட்டதா, அண்ணாச்சி?

அண்ணாச்சி: வா தம்பி. குடையை வெளிய வை, பேப்பர் நனையும். புத்தகம் பேரு என்ன சொன்ன?

கவிஞர்: ‘உடைந்த மௌனங்களின் ஈரச் சிறகுகள்’.

அண்ணாச்சி: மௌனம் உடையுது. சரி. அதுக்கு ரெக்கை. அந்த ரெக்கையும் ஈரம். பறக்குமா டே?

கவிஞர்: பறக்க முடியாமைதான் அதன் வலி.

அண்ணாச்சி: வலின்னதும் ஞாபகம் வருது. கன்ட்ரோல் எஃப் போட்டுப் பாத்தேன். 64 கவிதை. வலி 41 எடத்துல. மௌனம் 63. ஒரே ஒரு கவிதை மௌனமில்லாம தப்பிச்சிருக்கு.

கவிஞர்: அது எது?

அண்ணாச்சி: அதுக்குத் தலைப்பு மட்டும்தான் இருக்கு. கீழே மூணு புள்ளி. பக்கம் காலி.

கவிஞர்: வெற்றிடமும் பேசும், அண்ணாச்சி.

அண்ணாச்சி: பேசட்டும். பேப்பர் காசு யாரு குடுப்பா? 80 பக்கம், அஞ்சு பாரம். அதுல பாதி நீ சும்மா விட்ட எடம். அப்புறம் இந்தப் புள்ளி! ஒவ்வொரு வரிக்கும் மூணு. எங்க அப்பா காலத்துல ஈய எழுத்தைக் கையால கோப்பாங்க. உன் புத்தகம் அப்ப வந்திருந்தா முதல் பாரத்துலயே கேஸ்ல புள்ளி தீந்துரும். திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பித்தான் புள்ளி வாங்கிட்டு வரணும்.

கவிஞர்: நீங்கள் எழுத்தை எடைபோடுகிறீர்கள். நான் காதலை, இழப்பை, அடையாளத்தை, அகக் கொந்தளிப்பை எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி: நானும் அதைத்தானே அடிக்கேன்? காதலுக்குக் கல்யாணப் பத்திரிகை, இழப்புக்குக் கண்ணீர் அஞ்சலி, அடையாளத்துக்கு விசிட்டிங் கார்டு. கொந்தளிப்பு மட்டும் தனியா அடிக்கதில்ல. அது, பத்திரிகையில தாய்மாமன் பேரு விட்டுப்போச்சுன்னா தானா வரும்.

(இவ்வளவு நேரம் அண்ணாச்சி கை ஓயவில்லை. போஸ்டர்களைப் பிரித்துப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே விரிக்கிறார். கவிஞர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்.)

கவிஞர்: என் சொற்கள் தேய்ந்தவை என்கிறீர்கள். உங்கள் போஸ்டரில் இருக்கும் நாலு வரி? போன வாரம் எங்கள் தெருவில் ஒட்டியதும் இதே நாலு வரிதானே?

அண்ணாச்சி: அது மூணாம் நம்பர். வயசாளிக்கு. ஒண்ணு அப்பாவுக்கு, ரெண்டு அம்மாவுக்கு, நாலு விபத்து. ஆளு வந்து நம்பரைத்தான் சொல்லுவான்.

கவிஞர்: பார்த்தீர்களா! சாவுக்கே நம்பர் போட்டு வைத்திருக்கும் நீங்கள் என்னைச் சொல்லலாமா?

அண்ணாச்சி: நல்லாத்தான் கேக்கே. கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் குடுக்காம்லா, அது மாதிரி துக்கத்துக்கு நான் வாடகைக்கு வரி குடுக்கேன். அதை நம்ம சொந்தப் பாத்திரம்னு எவனும் பேரு வெட்டிக்கிட மாட்டான். இன்னொண்ணு. மூணாம் நம்பர் வரிக்கு மேல பேரு, அப்பா பேரு, தெரு, இத்தனை மணிக்கு எடுக்காங்கன்னு இருக்கும்லா? அது இல்லாம நான் அடிக்க மாட்டேன். உன் புத்தகத்துல யாரு போனா, எங்க போனா, எப்ப போனா? ‘நீயற்ற இரவு’ன்னு 38 எடத்துல இருக்கு. எந்த நீ?

கவிஞர்: ‘நீ’ என்பது எல்லோருக்குமான நீ. பெயர் வைத்தால் கவிதை சுருங்கிவிடும்.

அண்ணாச்சி: இடைகால்காரர் கலாப்ரியாவைக் கேளு. ‘சசி’ன்னு பேரைச் சொல்லித்தான் எழுதினார். கிடைக்காத பொண்ணு. சுருங்கியா போச்சு? 1973ல ‘வெள்ளம்’ வந்துச்சு. இன்னைக்கும் அந்தச் சசியைப் பத்திப் பேசுதாங்க. நம்ம தெரு, நம்ம வீட்டுத் திண்ணை, நம்ம ஊரு அழுக்கு எல்லாம் அவர் கவிதைக்குள்ள அப்படியே நடந்து வரும். அவரும் பிரம்மராஜனும் எண்பதுகளோட கடைசியில குற்றாலத்துல கவிதைப் பட்டறை போட்டாங்க. சீசனுக்கு வந்தவன் எண்ணெய் தேச்சுக்கிட்டு அருவிக்குப் போனா, இவங்க ரூம்ல உக்காந்து ஒருத்தன் கவிதையை ஒருத்தன் துவைச்சிருக்காங்க.

கவிஞர்: சோமசுந்தரம் என்ற மனிதர் கலாப்ரியா ஆனார். நம்பிராஜன் விக்ரமாதித்யன் ஆனார். அப்படி இருக்க என் புனைபெயரை மட்டும் நேற்று பரிகாசம் செய்தீர்கள். அடையாளத்தைத் தானே படைத்துக்கொள்ளும் உரிமை கவிஞனுக்கு இல்லையா?

அண்ணாச்சி: இருக்கு டே. ஆனா அட்டையில எடம் இல்ல. உன் புனைபெயர் புத்தகத் தலைப்பை விட ரெண்டு எழுத்து கூட. விக்ரமாதித்யன் ஊரு ஊராச் சுத்தி, இல்லாமைப்பட்டு, அந்தப் பேரைத் தேய்ச்சு நெசமாக்கினவரு. 2021ல விஷ்ணுபுரம் விருது குடுத்தாங்க. ‘நான் கடவுள்’ படத்துல கூட நடிச்சாரு. கவிஞர் சல்மாவைப் பாரு. துவரங்குறிச்சியில வீட்டை விட்டு வெளிய விடல. எழுதினது வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு ராஜாத்தி சல்மா ஆனாங்க. அந்தப் பேருக்குப் பின்னால ஒரு பூட்டின கதவு இருக்கு. உன் பேருக்குப் பின்னால என்ன இருக்கு?

கவிஞர்: நிலா இருக்கிறது.

அண்ணாச்சி: நிலாவா? அதை வச்சு இந்த ஊருல ஒரு மனுசன் ஏற்கெனவே சண்டை போட்டு முடிச்சிட்டாரு. மேலகரத்துக்காரர், திரிகூடராசப்பக் கவிராயர். அவரோட குறவஞ்சியில, குற்றாலநாதர் உலா வாரதை வசந்தவல்லி பாத்திருதா. அப்புறம் அவளுக்குத் தூக்கம் ஏது? நிலாவைக் கூப்பிட்டு நேருக்கு நேரா ஏசுதா. பக்கத்து வீட்டுக்காரியை வையுத மாதிரி. நீ என்ன பண்ணுத? நிலா கிட்ட உக்காந்து மூக்கைச் சிந்துத.

கவிஞர்: அது சிற்றிலக்கியம். நாயகி, தோழி, தூது. சட்டகம் தயாராக இருக்கிறது. நவீன மனதின் சந்தேகம், பொறாமை, சிதைவு எல்லாம் அதில் ஏது?

அண்ணாச்சி: அதே குறவஞ்சியில வர்ற சிங்கனை மறந்துட்டியா? காணாமப் போன பொண்டாட்டியைத் தேடி அலையுதான். கண்டதும் சந்தோசம். உடனே கண்ணு அவ காலுக்குப் போகுது. இது என்ன, அது என்ன, இதை யாரு குடுத்தான்னு ஒவ்வொரு நகையாக் கேக்கான். அவ அலுங்காம இது இந்த ஊருல, அது அந்த ஊருலன்னு பதில் சொல்லுதா. சந்தேகம்ங்கிற வார்த்தையே வேண்டாம்லா? சிலம்பும் தண்டையும் போதும். நீ ‘சந்தேகத்தின் நச்சுப் பாம்பு’ன்னு எழுதிட்டு மூணு புள்ளி வச்சிருக்க.

(இந்த இடத்தில் நான் அண்ணாச்சி கட்சி. இருந்தாலும் கவிஞர் வாசித்திருக்கிறார்; சறுக்கவில்லை.)

கவிஞர்: அந்தக் கவிராயருக்கு மதுரை நாயக்கர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயரே வந்தது. நான் உங்களுக்குப் பணம் கொடுத்துப் புத்தகம் போடுகிறேன். புரவலர் இருந்தால் நானும் சிலம்பு, தண்டை என்று நிதானமாக எழுதுவேன்.

அண்ணாச்சி: புரவலர் பாரதிக்கு இருந்தாரா? 1918 கடைசியில கடலூர் ஜெயில்ல இருந்து வந்து, வீட்டுக்காரி செல்லம்மா ஊருன்னு நம்ம கடையத்துல இருந்தாரு. 1920ல அங்க இருந்தே சினேகிதங்களுக்குக் கடுதாசி போடுதாரு. என் எழுத்தை 40 புத்தகமாப் பிரிக்கப் போறேன், ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, மண்ணெண்ணெய் தீப்பெட்டி கணக்கா வித்துரும், கடன் குடுங்கன்னு. அந்தக் கடுதாசியை நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும். அச்சாபீஸ்காரனா இருக்கதால. நாலு லட்சம் பிரதி! எப்பேர்ப்பட்ட ஆர்டர்!

கவிஞர்: உங்களுக்கு அதில்கூட ஆர்டர்தான் தெரிகிறது.

அண்ணாச்சி: அதுல ஒரு பிரதி கூட வராதது தெரியுதுல்லா, அதைச் சொல்லுதேன். சரி விசயத்துக்கு வா. 64ல ஒரு 40ஐ வெட்டிருவமா?

கவிஞர்: வெட்டுவதா! ஒரு கவிதை என்பது...

அண்ணாச்சி: கம்பனையே வெட்டின ஆளு வாழ்ந்த ஊரு இது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்துல உக்காந்து, இது கம்பன் பாட்டு, இது எவனோ சொருகினதுன்னு ஆயிரக்கணக்குல ஒதுக்கித் தள்ளினாரு. ராஜாஜியும் கல்கியும் தேடி வந்து கேட்டுட்டுப் போனாங்க. உன் 40 என்ன கம்பனை விட ஒசத்தியா?

கவிஞர்: பண்டிதர்கள் அவரைக் கிழித்தெடுத்தார்கள். அவர் காதுக்குப் பிடிக்காததெல்லாம் இடைச்செருகலா?

அண்ணாச்சி: கிழிச்சாங்க. நியாயமாவும் கிழிச்சாங்க. ஆனா அந்த மனுசன் ஒத்த மகனைப் பறிகொடுத்துட்டு இருந்தப்ப, கவிமணி ஒரு பாட்டு எழுதி அனுப்பினாரு. துக்கத்தோட துக்கமா அந்தப் பாட்டையும் கொண்டாடினாருன்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்ட காது டே அது. சும்மா வெட்டுத காது இல்ல. இன்னும் பின்னால போனா, தென்காசி ராஜா அதிவீரராம பாண்டியன். நளன் தமயந்தி கதையை நைடதமாப் பாடினாரு. அண்ணன் வீட்டுல அண்ணி வாசிச்சுட்டு என்ன சொன்னாளாம்? வேட்டை நாய் ஓட்டம் மாதிரி ஆரம்பத்துல பாய்ச்சல், முடிவுல இளைப்புன்னு. ராஜாவுக்கே அப்படி ஒரு மெய்ப்பு. உனக்கு வீட்டுல அண்ணி உண்டா?

கவிஞர்: அண்ணி இன்ஸ்டாகிராமில் எல்லாவற்றுக்கும் ஹார்ட் போடுகிறார்.

அண்ணாச்சி: கெட்டுச்சு போ. இதைப் பாரு, 22ஆம் பக்கம். ‘அருவியாய் நீ, பாறையாய் நான்’. எந்த அருவி?

கவிஞர்: அருவி. பொதுவாக.

அண்ணாச்சி: குற்றாலத்துல இருந்துக்கிட்டுப் பொதுவா அருவிங்க! பேரருவியில வளைவைத் தாண்டித் தண்ணி விழுந்தா விசிலடிச்சு எல்லாரையும் வெளியேத்திருவான். ஐந்தருவியில அஞ்சு பிரிவு, சண்டை இல்லாமக் குளிக்கலாம். சிற்றருவியில ஆள் கம்மி. புலியருவின்னா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாம். அவ எந்த அருவின்னு தெரிஞ்சாத்தானே நீ எந்தப் பாறைன்னு தெரியும்?

கவிஞர்: பேரருவி. போதுமா? மேலே பொங்குமாங்கடல் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து கொந்தளித்துத்தான் கீழே வருகிறது. என் அகமும் அப்படித்தான்.

அண்ணாச்சி: இதை நல்லாச் சொன்ன. ஆனா பொங்குமாங்கடல் நிறைஞ்ச பெறகுதான் வழியும். நீ மலையில மேகம் கூடினதும் அச்சாபீஸுக்கு ஓடியாந்துட்டியே. நெசமா அந்தப் பொண்ணு உனக்கு என்னதான் பண்ணுச்சு?

(கவிஞர் கொஞ்ச நேரம் போஸ்டர் மையையே பார்க்கிறார். பிறகு பேசும்போது தமிழ் மாறிவிடுகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை.)

கவிஞர்: ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. திருநெல்வேலி காலேஜுக்குச் செங்கோட்டை பாசஞ்சர்ல போவோம். நான் தென்காசியில ஏறுவேன், அவ பாவூர்சத்திரத்துல. டிபன் பாக்ஸைப் பக்கத்து சீட்டுல வச்சு எடம் போடுவேன். மூணு வருசம். கடைசி வருசம் தை மாசத்துல அவளுக்குப் பேசி முடிச்சிட்டாங்க. அவ வாரது நின்னுட்டு.

அண்ணாச்சி: ம்.

கவிஞர்: எனக்குக் கை நிக்கல. ஏறினதும் டிபன் பாக்ஸை எடுத்து வச்சிருவேன். ஒருநாள் பாவூர்சத்திரத்துல ஒரு பாட்டி ஏறிச்சு. ‘ஆளு வருதாய்யா’ன்னு கேட்டுச்சு. ‘வருது’ன்னுட்டேன். கீழக்கடையம் போச்சு, ஆழ்வார்குறிச்சி போச்சு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அது என் மூஞ்சியைப் பாக்கு. நான் ‘வருது வருது’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அம்பாசமுத்திரம் வரைக்கும் நிக்க வச்சிட்டேன்.

அண்ணாச்சி: எறங்கும்போது ஒண்ணும் சொல்லலையா?

கவிஞர்: ‘அந்தப் பெட்டியை மடியில வச்சிருந்தா நான் உக்காந்திருப்பேம்லா’ன்னு வஞ்சுட்டுப் போச்சு.

(மின்விசிறிச் சத்தம். வெளியே சாரல் தகரத்தில் விழுகிறது.)

அண்ணாச்சி: இது எத்தனாம் பக்கத்துல இருக்கு?

கவிஞர்: எது?

அண்ணாச்சி: இப்ப சொன்னது.

கவிஞர்: (திரும்பவும் பழைய குரலில்) அதை எப்படி அண்ணாச்சி கவிதையில் எழுத முடியும்? அதில் டிபன் பாக்ஸ் வருகிறதே.

அண்ணாச்சி: வெளங்கிரும். சரி, உன் காசு, உன் மௌனம். எத்தனை பிரதி?

கவிஞர்: நூறு. அட்டையில் மழைத்துளி படிந்த கண்ணாடி ஜன்னல்.

அண்ணாச்சி: உங்க வீட்டுல மரக்கதவு ஜன்னலும் கம்பியும்தானே டே. சரி, போடுதேன். சமர்ப்பணம் ‘நீயற்ற இரவுகளுக்கு’. அப்படியே விட்டுருவமா?

கவிஞர்: ...அதை மட்டும் மாத்திருங்க.

அண்ணாச்சி: சொல்லு, அடிக்கேன்.

கவிஞர்: ‘அம்பாசமுத்திரம் வரைக்கும் நின்ன பாட்டிக்கு’ன்னு போடுங்க.

அண்ணாச்சி: பேரு?

கவிஞர்: தெரியாது.

அண்ணாச்சி: பேரு இல்லாம இந்த ஆபீஸ்ல எதுவும் அடிச்சதில்ல. இது ஒண்ணு போகட்டும். பாட்டிக்கு. ஒரு புள்ளி வைக்கட்டா?

கவிஞர்: மூணு வையுங்க, அண்ணாச்சி.