மனைவழி ஒளிபரப்பியல்: புக்கிட் மெர்தாஜாம் வரிசை வீடுகளை முன்வைத்து ஒரு முதல் ஆய்வு

பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமின் தொன்மையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் செரோக் தோகுன் பாறையில்தான் தொடங்குவார்கள். செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் கிடக்கும் அந்தப் பாறையின் சமஸ்கிருத எழுத்துகளை, 19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ வெளியுலகுக்குச் சொன்னார். அன்று முதல் அறிஞர்களின் கண் பாறையை விட்டு அகலவில்லை. அதே ஊரின் தமான் குடியிருப்புகளில், ஒரு வரிசை வீட்டுக்குள், ஹால் டிவிக்கும் மாடி டிவிக்கும் பாட்டியின் டேப்லெட்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து படம் எப்படிப் போகிறது என்ற கேள்வி ஆய்வாளர் எவர் கையும் படாமல் கிடக்கிறது. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க வந்தது.

கருதுகோள் இது: வீட்டில் அந்தப் பெட்டியை, அதாவது மீடியா சர்வரை, வைப்பதால் ரிமோட் சண்டை ஒழிவதில்லை. சண்டை ஹாலை விட்டுப் புறப்பட்டு எல்லா அறைகளுக்கும் பரவுகிறது.

முதலில் வரலாறு. மலாயாவில் மைய ஒளிபரப்பு என்ற கருத்து புதிதன்று. 1949இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கிய ரீடிஃபியூஷன் என்ற கம்பிவழி வானொலி, பின்னர் பினாங்குக்கும் வந்தது. நிலையத்திலிருந்து கம்பி இழுத்து வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். அலை பிடிக்க வேண்டாம், ஏரியல் வேண்டாம். மாதச் சந்தா கட்டினால் போதும். ஊரே ஒரு சர்வரில் இணைந்திருந்தது, அந்தச் சொல் அப்போது ஊருக்குத் தெரியாது என்பதைத் தவிர. 1963 டிசம்பர் 28 அன்று தொலைக்காட்சி வந்தது. மையம் ஊரிலிருந்து ஹாலுக்கு நகர்ந்தது. தொண்ணூறுகளில் வீசிடி வந்து எல்லாவற்றையும் சிதறடித்தது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும். இரண்டு மணி நாற்பது நிமிடப் படத்துக்கு மூன்று தட்டு வேண்டும். மூன்றாவதில் பன்னிரண்டே நிமிடம், அதுவும் கிளைமாக்ஸ். அந்தத் தட்டுதான் சித்தப்பா வீட்டில் மாட்டிக்கொள்ளும். 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி, 2010இல் யூனிஃபை இணையம். இப்போது படங்கள் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், பழைய கைபேசி என்று எங்கெங்கோ கிடக்க, குடும்பம் மறுபடியும் ஒரு மையத்தைத் தேடுகிறது.

மையம் என்பது எது? படிக்கட்டுக்குக் கீழே ஸ்டோரில் இருக்கும் ஒரு சின்னக் கணினி. பினாங்குக்காரருக்கு இதில் தனிப் பெருமை உண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பாயான் லெப்பாஸில் அமைத்தது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஆலை பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போய்ச் சில்லுகளைச் சோதித்தவர்கள் இந்த ஊரின் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள். அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட என்100 என்ற ஆறு வாட் சில்லைத்தான் வீட்டு சர்வர்காரர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். காரணம், 2011 முதல் இன்டெல் தன் சில்லுகளில் சேர்த்துவரும் வீடியோ மாற்றும் பகுதி. பழைய டிவிக்குப் புரியாத வடிவில் படம் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் புரியும் வடிவுக்கு மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. ஹார்ட் டிஸ்க்குகளோடு சேர்த்தும் சர்வர் சுமார் 15 வாட் இழுக்கும் என்று கொண்டால், மாதம் 10.8 யூனிட். இரவு எட்டு மணி நேரம் ஓடும் 75 வாட் சீலிங் ஃபேன் 18 யூனிட் தின்கிறது. கரண்ட் பில்லைக் காட்டி சர்வரைத் திட்டும் அப்பாக்களிடம் இந்தக் கணக்கை நீட்டலாம். அவர்கள் ஏற்பார்கள் என்பதற்கு இவ்வாய்வு பொறுப்பன்று.

அடுத்து நில இயல். தொல்காப்பியம் நிலத்தைப் பகுத்த முறையை வரிசை வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பாகப் பொருந்துகிறது. ஹால் மருதம். அதன் உரிப்பொருள் ஊடல்; ரிமோட் அங்கேதான் இருக்கிறது. மாடியறை குறிஞ்சி, அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைத்தால் புணர்தல் தடையின்றி நடக்கும் (சிக்னலைத்தான் சொல்கிறோம், உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொறுத்தருள்க). சமையலறை முல்லை: குக்கர் விசிலுக்கும் அடுத்த எபிசோடுக்கும் ஒருசேரக் காத்திருத்தல். பின்கட்டு நெய்தல், திரையில் வட்டம் சுற்ற, பார்ப்பவர் இரங்குவார். கார் நிற்கும் போர்ச் பாலை. பாலைக்குத் தனி நிலம் கிடையாது என்பது மரபு. இங்கேயும் அப்படித்தான்: நடுவே இரண்டு செங்கல் சுவர் வந்துவிட்டால் எந்த அறையும் பாலையாகிவிடும். வேகமான ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் ஆகாது. சுவர் தாண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலோ பக்கத்து வீட்டார் அனைவரும் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்.

இதற்கு மருந்து கேபிள். சாதாரண கேட்5ஈ கம்பி நூறு மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகும். எந்த வரிசை வீடும் அவ்வளவு நீளமில்லை. ஆனால் கம்பி போட்டும் படம் திக்கித் திணறும் விந்தை ஒன்று உண்டு. டிவி தயாரிப்பாளர்கள் பலர் ஆயிரக்கணக்கில் விலை வைத்த டிவியின் முதுகில் 100 மெகாபிட் துளையைத்தான் வைக்கிறார்கள். 4கே புளூ-ரே தட்டிலிருக்கும் படமோ நொடிக்கு 128 மெகாபிட் வரை ஏறக்கூடும். எனவே சிக்னல் நன்றாக எட்டும் இடத்தில், கம்பியைப் பிடுங்கி வைஃபையில் விட்டால் படம் ஒழுங்காக ஓடும். அரை நாள் சுவரில் ஆணியடித்த அண்ணனிடம் இந்த உண்மையைச் சொல்லும் பொறுப்பு வீட்டில் கடைசித் தம்பிக்கே வாய்க்கும்.

மென்பொருளில் சமயப் பிரிவுகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் வளர்ந்த எக்ஸ்பிஎம்சி மூல மடம். இப்போது அதன் பெயர் கோடி. அதிலிருந்து 2008இல் பிரிந்தது பிளெக்ஸ். எம்பி என்ற மற்றொரு சர்வர் மென்பொருள் தன் நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில், அதன் திறந்த நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறியவர்கள் அமைத்தது ஜெல்லிஃபின். வடகலை தென்கலை வழக்குகளைப் படித்தவர்களுக்கு இவர்களின் வாதம் புதிதாகத் தோன்றாது. பிளெக்ஸ் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் முதல் கட்டணம் கேட்பதால் ஜெல்லிஃபின் பக்கம் பலர் தாவினார்கள். ஆய்வாளரின் சாய்வும் அப்பக்கமே.

இனி இத்துறையின் மிகக் கடினமான இயல்: பெயரியல். சர்வர் கோப்பின் பெயரைப் படித்து, இணையத்தின் திரைப்படப் பட்டியலில் தேடி, போஸ்டரையும் நடிகர் பெயரையும் தானே இறக்கிக்கொள்ளும். தமிழ்ப் படத்தில் இது மருமகன் சிக்கலில் போய் முட்டுகிறது. ரஜினிகாந்த் பொல்லாதவன் (1980), தங்க மகன் (1983), படிக்காதவன் (1985), மாப்பிள்ளை (1989) ஆகிய படங்களில் நடித்தார். தனுஷ் பொல்லாதவன் (2007), படிக்காதவன் (2009), மாப்பிள்ளை (2011), தங்க மகன் (2015) ஆகியவற்றில் நடித்தார். இந்த நான்கும் வெளிவந்த காலத்தில் தனுஷ் ரஜினியின் மருமகன். மாப்பிள்ளையே மாப்பிள்ளையாக நடித்ததைப் பட்டியல் எழுதிய வெளிநாட்டு நிரலாளர் எப்படி அறிவார்? ஆண்டு போடாமல் கோப்பைச் சேமித்த வீட்டில், பாட்டி ரஜினி முகத்தை அழுத்துவார், தனுஷ் வருவார். பாட்டியின் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: “இந்தப் பெட்டி சரியில்ல ஐயா, பழைய டெக்கே தேவல.” பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நான்கு இலக்கம் சேர்த்தால் தீர்ந்தது. சேர்ப்பவர்தான் இல்லை.

கபாலி (2016) இன்னும் நுட்பமான வழக்கு. மலேசியாவில் எடுத்த அந்தப் படத்துக்கு மலேசியாவில் வேறு முடிவு: கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்தில் சொல்லி முடித்தார்கள். இந்தியப் பதிப்பில் அந்த வரி கிடையாது. ஒரே படம், ஒரே ஆண்டு, ஒரே பெயர். இரு பதிப்பையும் வைத்திருக்கும் வீட்டில் எது ஓடும் என்பது எந்தக் கோப்பு முதலில் ஏறியது என்பதைப் பொறுத்தது. சட்டம் ஒழுங்கு குறித்த குடும்பத்தின் கருத்தும் அதைப் பொறுத்தே அமைகிறது.

சட்டம் என்றதும் ஒரு குறிப்பு. திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்யும் பெட்டிகளைத் தயாரிப்பதும் விற்பதும் 2022 மார்ச் 18இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி குற்றம். 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், இருபது ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே நல்ல சர்வரின் உண்மையான கருவூலம் வீட்டுக் கல்யாண வீடியோக்களே. மூன்று மணி நேர விஎச்எஸ் நாடாவைக் கணினியில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. ஏற்றுபவர் மாமாவின் முகூர்த்தத்தை முழுவதும் பார்த்தே ஆக வேண்டும். அதில் பந்தி காட்சி மட்டும் முக்கால் மணி நேரம்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். மலேசியா இடிக்குப் பேர்போன நாடு. மின்னல் கம்பி வழியே வந்து மோடத்தையும் சர்வரையும் ஒரே நொடியில் முடித்துவிடும். வெதுவெதுப்பான பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். இரண்டு டிஸ்க்கில் ஒரே படத்தை எழுதிவிட்டுப் பத்திரம் என்று நினைப்பவர்கள், இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு பிரதி கூலிமில் அத்தை வீட்டில் இருப்பது நல்லது. பாறை எழுத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயுள். ஹார்ட் டிஸ்க் ஐந்தாண்டு தாண்டினாலே புண்ணியம். ஆனால் பாறையில் பாட்டு கிடையாது.

எஞ்சியிருப்பது ஆட்சியியல். வீட்டில் சர்வரை நிறுவுபவர் மூத்த மகன். நிர்வாகி பாஸ்வேர்ட் அவருக்கு மட்டுமே தெரியும். பிறகு அவர் வேலைக்குச் சிங்கப்பூர் போவார். மழை நாளில் லைன் போய்த் திரும்பியதும் சர்வர் பாஸ்வேர்ட் கேட்கும். வாட்ஸ்அப்பில் அழைத்தால், “துண்டுச் சீட்டுல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருந்தேனேம்மா” என்பார். சீட்டு எப்போதோ விழுந்துவிட்டது. விழும் என்று தெரிந்தேதான் அதை முன்கூட்டியே படம் பிடித்து, பத்திரமாக, சர்வருக்குள் சேமித்து வைத்திருக்கிறார்.