ஒரு சின்ன ஜெபம்

கிராம ஊழியத் தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புப் பேன்ட், ஜிப் போட்ட பைபிள் உறை, தவணை முடியாத ஸ்பிளெண்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பார். கான்சாபுரம், வத்திராயிருப்பு, புதுப்பட்டி வட்டாரம் அவருடைய களம்.

இந்தப் பக்கம் வந்தவர்களில் இவர் முதல் ஆள் அல்லர். 1854-லேயே மிஷனரி ராக்லண்ட் ஐயர் வடதிருநெல்வேலிக் கரிசலில் கூடாரம் அடித்து ஊர் ஊராக அலைந்தார். 1858-ல் சிவகாசியில் காலமானார். மார்மன் சபையின் ரிச்சர்ட் பாலன்டைன் 1853-ல் மதராசில் இறங்கி, ஓராண்டிலேயே கப்பலேறிவிட்டார். அந்தச் சபை இன்றும் பதினெட்டு வயதுப் பையன்களை ஊழியத்துக்கு அனுப்புகிறது. அவர்கள் ஜோடியாகத்தான் சுற்ற வேண்டும். டீ, காப்பி தொடக்கூடாது. இரண்டு வருடம் முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். நம் தம்பிக்கு இந்த ஏற்பாடெல்லாம் கிடையாது. தனியாக வருவார், டீயை மறுத்ததில்லை, திரும்பும் நேரம் ஆண்டவருக்கே வெளிச்சம்.

அவருடைய வாரத்தில் திங்கட்கிழமை துணி துவைப்பதில் போகும். செவ்வாய் முதல் வியாழன் வரை வீடு சந்திப்பு.

டீ டம்ளரைக் கீழே வைத்ததும் எழுந்து நிற்பார். "சரிக்கா, ஒரு சின்ன ஜெபம் மட்டும் பண்ணிட்டுக் கெளம்பிருறேன்." அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை; வீட்டில் இருந்தால் போதும். ஜெபம் வெகுதூரத்தில் தொடங்கும். உலக சமாதானம், ஆட்சியாளர்கள், பிளவக்கல் அணையின் நீர்மட்டம், தென்னைக்கு வந்த பூச்சி என்று மெல்ல இறங்கி வீட்டுக்குள் நுழையும். டீ குடிக்கும்போது சேகரித்த செய்திகளெல்லாம் இப்போது வெளியே வரும். "ஆண்டவரே, இந்த அக்கா மகளிர் குழுவுல வாங்குன கடன்ல மூணு தவணை நிக்கிறது உமக்குத் தெரியும்." ஆண்டவருக்குத் தெரியும்தான். பொதுச்சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் மதினிக்கு அதுவரை தெரியாது. அடுத்தது மகனுடைய அரியர், பிறகு பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டார். குக்கர் விசிலடித்தால் குரலை ஏற்றுவாரே தவிர நிறுத்த மாட்டார். பால் பொங்கும் வாசனை வந்தாலும் கண்ணைத் திறக்க அக்காவுக்குக் கூச்சம். இடையில் அவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்துச் சத்தமாக "ஆமென்" சொல்லிப் பார்ப்பதுண்டு. அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் நீட்டுவார்.

விவரம் தெரிந்த வீடுகளில் டீயை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அது இன்னும் மோசம். "வெளியே சொல்ல முடியாத பாரத்தோட இருக்கிற இந்தக் குடும்பத்தை" என்று அவர் உருகுவார். சாயங்காலத்துக்குள் அந்தப் பாரம் என்னவாக இருக்கும் என்று தெருவே ஆளுக்கொன்றாகச் சொல்லத் தொடங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். மூன்று மணிக்கு முடியும், மூன்று ஐந்துக்கு எலுமிச்சைச் சாதம். சனிக்கிழமை கீபோர்டு பழகுதல்.

நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், சொந்தக்காரர்கள் போனை எடுப்பதற்குள் இவர் வண்டியோடு வாசலில் நிற்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, விடியும்வரை வராந்தாவில் கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பதும் இவர்தான். காலையில் கட்டிலருகே நின்று ஜெபிப்பார்; நோயாளிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது வார்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஞாயிறு காலை தகரக் கொட்டகையில் ஆராதனை. மைக் இருப்பதால் பக்கத்து ஊருக்கும் சேர்த்து விண்ணப்பங்கள் வாசிக்கப்படும். இரவு தலைமைக்கு வாராந்திர அறிக்கை போக வேண்டும்: சந்தித்த வீடு எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை, காணிக்கை எவ்வளவு. அறிக்கை ஒரு நாள் பிந்தினால் போன் வரும். சம்பளம் இரண்டு மாதம் பிந்தினால் யாரும் போன் செய்வதில்லை. பெட்ரோலுக்குத் தனியாகக் கேட்டால் விசுவாசம் போதவில்லை என்பார்கள்.