விரல் எண்ணும் சாஸ்திரம்

மௌஸ் ஒரு சாதுப் பிராணி. பொத்தான்களின் நிலை, பக்கவாட்டில் நகர்ந்த தூரம், மேலும் கீழும் நகர்ந்த தூரம் என்று மூன்றே பைட்டுகளில் தன் சமாசாரம் முழுவதையும் அதனால் ஒப்பித்துவிட முடியும் என்பதால், அதற்கு டிரைவர் எழுதப் புகுந்தவர் மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டிய அவசியமில்லை.

மடிக்கணினியின் தொடுதிரை விஷயமோ வேறு. எத்தனை விரல்கள், எவ்விடத்தில் ஊன்றின, சற்றுமுன் இருந்த விரலும் இப்போதுள்ள விரலும் ஒன்றேதானா என்றெல்லாம் அது விஸ்தாரமாக விண்ணப்பிக்க வேண்டும் என்று உள்ளீட்டுச் சாதனங்களுக்கான ஹெச்.ஐ.டி. நியமம் விதித்திருக்க, அந்த நியமத்தை உற்பத்தியாளர்கள் தத்தம் குலாசாரப்படி வியாக்கியானம் செய்துகொண்டார்கள். அதன் பலனாக, 2011-இல் லினக்ஸ் கெர்னலில் பிரவேசித்த பலவிரல் தொடுகைக்கான டிரைவர், அறிக்கையில் காணப்படாத விரலை எடுக்கப்பட்ட விரலாகவே பாவிக்க என்பன போன்ற விதிவிலக்குகளைச் சாதனவாரியாகச் சேகரித்து, ஒரு ஸ்மிருதியின் லட்சணத்தை எய்திவிட்டது. வேடிக்கை என்னவென்றால், விரல்களின் எண்ணிக்கையைப் பிழையின்றிச் சொல்லும் சாதனங்களுக்கும் அதே கோளாறுப் பட்டியலில்தான் ஸ்தானம் அளிக்கப்பட்டிருக்கிறது; உண்மை பேசுவதும் ஒருவகை விசித்திர சுபாவம் என்று கெர்னல்காரர்கள் அனுபவத்தால் தெளிந்துவிட்டார்கள் போலும்.